நாவல்மரத்து அரைவட்டம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். போன வருஷத்துக் காய். மூக்கில் மணக்கிறது, நாக்கில் ஒன்றும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை மேடம். ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்தவனுக்கு எந்த டீயைக் குடித்தாலும் முதலில் அதுதான் தோன்றும்.

சந்திரவல்லி இறந்துபோனதைப் பற்றி நேற்று நான் சொன்னதில் ஒன்றிரண்டு திருத்தங்கள் இருக்கின்றன. அந்தந்த இடம் வரும்போது சொல்கிறேன். இன்றைக்கு மனம் நிதானமாக இருக்கிறது. நேற்று உங்கள் ஆட்கள் ஸ்டோரின் கதவைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது.

போடியில் எங்களுக்கு ஏலக்காய் மண்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். குரங்கணிக்கு மேலே, ஜீப் போகும் பாதை முடிகிற இடத்தில், அப்பா விட்டுப்போன சின்னத் தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் பக்கத்தில் இரண்டு அறை வீடும் இருக்கின்றன. மனைவி மதுரையில் மகளோடு இருக்கிறாள். நான் வாரத்தில் பாதியை மேலேதான் கழிப்பேன். படிப்பேன். நல்ல பொருட்களை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயந்த சுபாவம் உள்ளவன் நான். ஏலத்தில் இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, விலை கேட்கக் குரல் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டனை அழுத்துவதற்கே சிவக்குமாருக்குக் கை நடுங்குகிறது என்று மற்ற வியாபாரிகள் கேலி செய்வார்கள். யாரிடமும் முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொன்னவன் இல்லை. நடந்தது எல்லாவற்றுக்கும் அந்தப் பயம்தான் காரணம். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

சந்திரவல்லியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் மண்டிக்கு எதிரில் அவள் அப்பா சாக்கு வியாபாரம் செய்தார். அவள் வடக்கே போய் வடிவமைப்பு படித்துவிட்டு, பெங்களூரில் பெரிய நாற்காலி மேசைக் கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு, கணவரைப் பிரிந்து, பவித்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு போடிக்கே திரும்பி வந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்துப் பட்டறை போட்டாள். பெட்டி செய்தாள். வேறு எதுவும் செய்யவில்லை. வருஷத்துக்கு நாலோ ஐந்தோ பெட்டிகள். கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து காத்திருந்து வாங்கிப் போவார்கள்.

நான் அவளிடம் வாங்கிய பெட்டியின் உடைசலைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும்.

ஒன்றரை ஜாண் நீளம், ஒரு ஜாண் அகலம். இடித்த வீடொன்றின் உத்தரத்திலிருந்து எடுத்த ஈட்டி மரம். மூடியில் பூ கிடையாது, மயில் கிடையாது, சாமி கிடையாது. மஞ்சள் பலாவில் ஓர் அரைவட்டம், வெளுத்த காப்பிக் கட்டையில் ஓர் அரைவட்டம், கருத்த நாவலில் ஓர் அரைவட்டம். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். அவற்றுக்கு நடுவே சில்வர் ஓக்கில் இழைத்த மெல்லிய கோடு ஒன்று சாய்வாக ஓடி, மூடியின் விளிம்பைத் தாண்டி முன்பக்கத்தில் இறங்கி, அடிப்பலகை வரை போகும். அவ்வளவுதான். எங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, “இது என்ன படம் அண்ணாச்சி, பாதி பாதியா நிக்கிது?” என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒரு பொருள் இவ்வளவு நிறைந்து நிற்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அதில் நாவல்மர அரைவட்டம் தனி. மற்ற துண்டுகளில் எல்லாம் மரத்தின் ரேகை இடமிருந்து வலமாக ஓடும். நாவலில் மட்டும் மேலிருந்து கீழாக ஓடும். அதனால் காலை வெளிச்சத்தில் அது செம்மை கலந்து லேசாகத் தெரியும், சாயங்காலம் கிணற்று நீர் மாதிரி கருத்துக் கிடக்கும். மற்றதெல்லாம் அசையாமல் இருக்க, அது ஒன்று மட்டும் பகலோடு சேர்ந்து மாறும். நான் தினமும் ஜன்னலருகே வைத்து அதைப் பார்ப்பேன். பல் விளக்குவது மாதிரி அது எனக்கு ஒரு வழக்கம்.

அதைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். எல்லாமே ஒரு திசையில் போகிற உலகத்தில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்பதைப் பற்றி எழுதியிருந்தேன். நாலு பேர் பாராட்டினார்கள். போடியில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் அதைப் பேசச் சொன்னார்கள். பெட்டியையே கொண்டுபோய் மேசையில் வைத்துப் பேசினேன். என் கை நடுங்காமல் நான் பேசிய ஒரே கூட்டம் அதுதான். சந்திரவல்லி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் அவளை ஏதாவது சொல்லச் சொன்னார்கள்.

எழுந்து நின்று சிரித்தாள். “அண்ணன் அழகாப் பேசுனாரு. ஆனா அந்தத் துண்டு தப்பா ஒட்டுனது. பசை போட்டு வச்சிருக்கேன், சிலிண்டர்க்காரரு வந்து வாசல்ல நின்னு கத்துறாரு. ஓடிட்டு வந்து பாக்காம வச்சு அமுக்கிட்டேன். காஞ்சப்புறம்தான் பாத்தேன். தத்துவமெல்லாம் சிலிண்டர்க்காரருக்குத்தான் போய்ச் சேரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு பஜாரில் என்னைப் பார்த்தால் ஒருவர், “என்ன அண்ணே, சிலிண்டர் வந்துருச்சா?” என்பார். மருந்துக்கடைக்காரர் கேட்டார். பஸ்ஸில் கண்டக்டர்கூட ஒருமுறை கேட்டார், அவருக்கு யார் சொன்னார்களோ. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. பெட்டியைப் பற்றிய முழு விவரமும் உங்களிடம் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பயம் எப்போது வந்தது என்றால், கொச்சியில் அவளுடைய பெட்டிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், படம் எடுத்துப் புத்தகமாகவும் போடுகிறார்கள் என்று அவள் சொன்னபோது வந்தது. என் பெட்டியை ஒரு மாதம் இரவல் கேட்டாள். அதற்கு நான் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன். பிறகு சொன்னாள்:

“அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நாவல் துண்டை எடுத்து நேரா வச்சிருவேன் அண்ணே. கண்ணுல உறுத்திக்கிட்டே இருக்கு.”

“அது அப்படியே இருக்கட்டுமே” என்றேன்.

“பெட்டி உங்களது. தப்பு என்னுது. என் தப்ப நான் எடுத்துக்கிறேன், உங்க பெட்டி உங்ககிட்ட இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பெட்டி என்னுடையது, சட்டப்படி அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய மெல்லிய கத்தி அந்த அரைவட்டத்தின் விளிம்பில் நுழைவதை நினைத்தால் என் நகத்துக்கு அடியில் நுழைவது மாதிரி இருக்கும். ஜன்னலருகே உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தால், அது என்னைப் பார்த்துப் பயந்து கிடப்பது போலத் தோன்றும். மரம் பயப்படாது என்று எனக்குத் தெரியும் மேடம். படித்தவன்தான். தோன்றியதைச் சொல்கிறேன்.

இப்போது ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கீழ்நாட்டுக்காரர், உங்களுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்காது.

பறித்த காயைக் கழுவி, அறைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கம்பிவலைத் தட்டுகளில் பரப்புவோம். அறைக்கு வெளியே, பின்பக்கத்தில், அடுப்பு. அங்கே விறகு எரியும். அதன் சூடு இரும்புக்குழாய் வழியாக அறையின் தரையைச் சுற்றிவரும். முதல் சில மணி நேரம் காயிலிருந்து ஈரம் கிளம்பி அறை முழுக்க ஆவியாக இருக்கும். கதவு கனத்த பலா மரம். வெளியே குறுக்குக் கட்டை போட்டு, இடுக்கில் ஈரச்சாக்கு திணித்துவிடுவோம். சுவரின் அடியில் கையகலத்துக்கு ஒரு காற்றுப் பொந்து, அதற்குப் பலகை மூடி. தீ போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் காய் காயும் வரை யாரும் திறக்கக் கூடாது. குளிர்ந்த காற்று பட்டால் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் சீண்ட மாட்டார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகள்கூட மூடிய ஸ்டோர்க் கதவில் கை வைக்காது.

சூடு ஏறும்போது உள்ளே சத்தம் வரும். குழாய் விரியும், வலைத் தட்டு முறுக்கும், டக் டக்கென்று தட்டும். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது காதில் ஏறுவதே இல்லை.

சந்திரவல்லிக்கு அந்த அறை அத்துப்படி. மெல்லிதாகச் சீவிய மரத்துண்டுகளை மேல் தட்டுகளில் போட்டுக் காயோடு காயாக உலர்த்தி எடுத்துப்போவாள். அவளுடைய பெட்டிகளைத் திறந்தால் ஏலக்காய் மணப்பது அதனால்தான். பசை இளக்குவதற்கும் அந்த அறைதான். மற்ற துண்டுகளை எல்லாம் அவள் இப்போது கிடைக்கிற ரெசினில் பதிப்பாள், அது எந்தச் சூட்டுக்கும் அசையாது. சிலிண்டர் வந்த அன்றைக்கு ரெசின் தீர்ந்துபோய் நாவல் துண்டை மட்டும் வஜ்ஜிரத்தில், அந்தப் பழைய தோல் பசையில், ஒட்டியிருந்தாள். வஜ்ஜிரம் ஈரச்சூட்டுக்கு இளகும். தீ போட்ட தொடக்கத்தில் அறையில் கிளம்பும் ஆவிதான் அதற்கு வாகு. உள்ளே நின்று பார்த்துக்கொண்டே இருந்து, இளகுகிற நேரத்தில் கத்தியை நுழைத்து எடுக்க வேண்டும் என்றாள்.

அன்று காலையில் முதல் ஜீப்பில் ஏறி வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, “அண்ணே, காப்பி கொண்டாங்க வெரசா, கை விறைச்சுப்போச்சு” என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். இட்லி சாப்பிட்டாள். பவித்ராவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதைச் சொன்னாள். பெட்டியை மடியில் வைத்துத் துணியால் துடைத்தாள். அவள் விரல் அந்தத் துண்டின் மேல் போகும்போதெல்லாம் தம்ளரை எடுக்கிற சாக்கில் நான் குறுக்கே கை நீட்டினேன்.

சின்ராசு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீ போட்டான். அவன் எங்களிடம் ரொம்ப வருஷமாக அடுப்பு பார்ப்பவன். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் நின்றது பின்பக்கம். தகரக் கூரையில் மழை விழும்போது முன்னால் பேசுவது அங்கே கேட்காது. சந்திரவல்லி உள்ளே இருப்பதும் அவனுக்குத் தெரியாது. அவனை ஏன் அடுத்த அறையில் அப்படி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பாவம், அழுதுகொண்டிருக்கிறான்.

செல்போன் ஆவியில் கெட்டுவிடும் என்று பையோடு வீட்டிலேயே வைத்துவிட்டு, பெட்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். “நான் கூப்புட்டதும் திறங்க அண்ணே. அது வரைக்கும் அமுக்கிப் பிடிச்சுக்கங்க, ஆவி போயிரும்” என்றாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். நின்றேன். மழை பெய்தது. முதல் திருத்தம் இங்கே வருகிறது. அவள் வெளியே வந்து ஜீப்பில் போய்விட்டதாக நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். அப்படி நினைக்கவில்லை.

குறுக்குக் கட்டையைப் போட்டேன். யோசித்துப் போட்டதாக நினைவில்லை. தீ எரிகிறது, கதவு சாத்தியிருக்கிறது, அடுத்தது கட்டை. அடுத்தது சாக்கு. தண்ணீர்த் தொட்டியில் சாக்கை முக்கிப் பிழிந்து இடுக்குகளில் திணித்தேன். பழகிய வேலையைச் செய்யும்போது வருகிற அமைதி எனக்கு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு பசி எடுத்தது.

அவள் கூப்பிட்டாள். பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு காற்றுப் பொந்துக்கு வந்தாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“என்ன அண்ணே, என்னையும் சேத்து ஏலத்துல விடப் போறீங்களா?” என்றாள். சிரிப்பு இருந்தது. “மொதல் ரகம்னு எழுதிப் போடுங்க.”

“துண்டை எடுத்துட்டியா?” என்று கேட்டேன்.

“எங்க, இன்னும் எளகவே இல்ல. கட்டை எதுவும் விழுந்துருச்சா கதவுல? தள்ளுனா வரமாட்டேங்குது.”

“எடுக்க வேண்டாம்.”

உள்ளே கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணே, வெளையாடாதீங்க. மூச்சு முட்டுது” என்றாள்.

“அது தப்பு இல்ல சந்திரா. நீ தெரிஞ்சுதான் வச்ச. உனக்கே தெரியாம உன் கை தெரிஞ்சு வச்சிருக்கு. அதை நீ ஒத்துக்க.”

“நீங்க என்ன பேசுறீங்க? கதவத் திறங்க அண்ணே மொதல்ல.”

நான் திறக்கவில்லை. பொந்தின் வழியாகச் சூடான காற்று என் முகத்தில் அடித்தது, பச்சைக் காயின் மணம். அவள் அந்தப் பக்கம் தரையில் படுத்து வாயைப் பொந்தில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பேச்சின் நடுவில் மூச்சு நிறைய இருந்தது.

“சரிண்ணே. தெரிஞ்சேதான் வச்சேன். வேணும்னுதான் வச்சேன். சிலிண்டர்னு சும்மா சொன்னேன், சிரிப்புக்கு. கூட்டத்தக் கூட்டிச் சொல்லிர்றேன். கொச்சியில வந்தும் சொல்றேன். பெட்டியத் தொடல. அந்தப் பக்கம் தட்டுல வச்சிட்டேன், சத்தியமாத் தொடல. பவித்ரா மேல சத்தியம்ணே.”

எவ்வளவு நாள் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். வந்தபோது ஒரு நிம்மதியும் இல்லை. அவள் குரலில் இருந்தது பயம். பயத்தில் ஒருவர் ஒத்துக்கொள்வதற்கு மதிப்பு கிடையாது மேடம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்த மறுநிமிஷம் கத்தியை எடுப்பாள். அல்லது எடுக்காமல், நடந்ததை பஜாரில் சொல்வாள். எப்படிச் சொல்வாள், எப்படிச் சிரிப்பார்கள் என்பது எனக்கு அப்போதே காதில் கேட்டது. இனி திறந்தால் அவள் வெளியே வருவாள் என்கிற பயம். அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. யானை ஒன்று பாதையில் என்னை மறித்து நின்றபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் காற்றுப் பொந்தை மூடுவது வழக்கம். அன்று முன்னதாகவே மூடினேன். பலகையைத் தள்ளும்போது லேசாகத் தடுத்தது. அவளுடைய விரல்கள். விலக்கிக்கொள்ளும் வரை காத்திருந்துதான் மூடினேன். வலிக்கும்படி எதுவும் செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் தட்டல் தொடங்கியது.

நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். மூடுபனி மரங்களுக்குள் இறங்கி வந்து ஸ்டோரை மறைத்தது, அடுப்புப் புகையோடு கலந்தது, எது பனி எது புகை என்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாத வெண்மைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கனத்த கதவு, ஈரச்சாக்கு, அதனால் மெத்தென்றுதான் கேட்கும். கொஞ்ச நேரம் நிற்கும். நின்றால் எனக்கு உடம்பு வியர்க்கும். திரும்பத் தொடங்கினால் இன்னும் வியர்க்கும். எழுந்து போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

சின்ராசு பின்பக்கமிருந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். “மொதலாளி, இன்னைக்குச் சத்தம் தூக்கலா இருக்கே” என்றான்.

“புதுத் தட்டு போட்டிருக்கோம்ல. இன்னும் முறுக்கு விடல.”

“அதானே பாத்தேன். பொண்ணு பாக்க வந்த வீட்டுல மாப்ள செருமுற மாதிரி சும்மா விடாம தட்டுது.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “ஈரக் காயி நெறையா. இன்னும் நாலு கட்டை தள்ளவா?”

“தள்ளு” என்றேன்.

அவன் தள்ளினான். அதைத்தான் இப்போது திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறான். எங்கள் மலையில் அடுப்பு பார்க்கும் எவனும் அந்தச் சத்தத்துக்கு அதைத்தான் செய்திருப்பான். இதை அவனிடம் சொல்லுங்கள்.

சாயங்காலம் பாலும் சிகரெட்டும் வாங்க ஜீப் திருப்பத்துக் கடை வரை நடந்தேன். அங்கேதான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். பவித்ரா கூப்பிட்டாள். “மாமா, அம்மா கிளம்பிட்டாங்களா? போனே போகல.”

“மழைம்மா. ஜீப்பு இல்ல. இங்கயே தங்கிட்டு நாளைக்கு வர்றேன்னு சொல்லுச்சு.”

“சரி மாமா. ஸ்வெட்டர் போடச் சொல்லுங்க. சொன்னாக் கேக்காது.”

“சொல்றேன்” என்றேன். அந்த நேரத்தில் அவள் அம்மா உயிரோடு இருந்தாளா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் திரும்பி நடந்து வந்தபோது தட்டல் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்போதே ஏன் திறக்கவில்லை என்றும் கேட்டீர்கள். காய் காயவில்லை. திறந்தால் சின்ராசு ஏன் என்று கேட்பான். வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை நான். மறுநாள் வெயில் வந்த பிறகு, காய் பதம் வந்துவிட்டது என்று அவனே வந்து சொன்னபோதுதான் கட்டையை எடுத்தேன். அவன் என் பின்னால் நின்றான். அவன் கத்தியது உங்களுக்குக் குரங்கணி வரை கேட்டிருக்கும். பிறகு அவன்தான் பாதையில் ஓடிப்போய் ஜீப்பை நிறுத்தி உங்களுக்கு ஆள் அனுப்பியது. காய் நல்ல பச்சையில் வந்திருந்தது, ஒன்றுகூட வெளுக்கவில்லை. அதையெல்லாம் சாட்சிப் பொருள் என்று மூட்டை கட்டி வெளியே மழையில் போட்டிருக்கிறார்கள். முடிந்தால் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சந்திரவல்லி கதவை ஒட்டி உட்கார்ந்த மேனிக்கு இருந்தாள். முகத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை, நீங்களே பார்த்தீர்கள். நான் முதலில் தட்டுகளைத்தான் பார்த்தேன். பெட்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டேன் என்று அவள் சத்தியம் செய்திருந்தாளே. அந்த அறையில் உலர்ந்த மரம் அது, சூடு அதை ஒன்றும் செய்யாது. நாவல் துண்டு பெயர்ந்திருந்தால் அதே ரேகையில் நானே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று அந்தச் சாயங்காலமே தீர்மானித்திருந்தேன். மழையில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும் எனக்கிருந்த ஒரே ஆறுதல், பெட்டி பத்திரமாக இருக்கிறது என்பதுதான்.

தட்டுகளில் பெட்டி இல்லை.

அவள் மடியில் ஈட்டிப் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பலா, காப்பிக் கட்டை, சில்வர் ஓக் எல்லாம் தரையில் சில்லு சில்லாக. கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், மரம் நைந்து நார் நாராகத் தொங்கியது. பெட்டியின் மூலைகள் பதிந்த பள்ளங்கள் அதில் தெரிந்தன. நாவல் துண்டைத் தேடினேன். நீங்கள் வருவதற்குள் தரை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நீங்கள் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதனால் இப்போது நான் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். தட்டுவது கேட்டதா, அது வலைத் தட்டின் சத்தம் என்று நிஜமாகவே நினைத்தாயா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். கேட்டது. முதல் தட்டலிலிருந்து கடைசித் தட்டல் வரை கேட்டது. வலைத் தட்டு என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அவள் கை என்றுதான் நினைத்தேன் மேடம். பெட்டி என்று தெரிந்திருந்தால் அப்போதே திறந்திருப்பேன்.